வாஷிங்டன் டி.சி.யில் பிள்ளைக்குப் பள்ளி தேடுவோருக்கு: பொதுக் குலுக்கல் வழிகாட்டி

வாஷிங்டன் வட்டாரத்துக்கு வேலை மாறி வரும் தமிழர்கள் பலர் வர்ஜீனியாவிலோ மேரிலாந்திலோ வீடு பார்க்கிறார்கள். அங்கே வீட்டு முகவரியே பெரும்பாலும் பள்ளியையும் முடிவு செய்துவிடும். உலக வங்கி, பன்னாட்டு நாணய நிதியம், பல்கலைக்கழகங்கள் என்று நகருக்குள் வேலை கிடைத்து, டி.சி. எல்லைக்குள்ளேயே குடியேறும் குடும்பங்களுக்கு வழி அவ்வளவு நேரானது அல்ல. இங்கே அரசு நிதியில் படிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் சார்ட்டர் பள்ளிகளில், அதாவது அரசு நிதியில் தனி அமைப்புகள் நடத்தும் பள்ளிகளில் படிக்கிறார்கள். சார்ட்டர் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, தெரு எல்லையும் கிடையாது. நகரின் எந்த மூலையில் இருந்தும் விண்ணப்பிக்கலாம். இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல்.

மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளுக்கும் சேர்த்து 2014–15 கல்வியாண்டிலிருந்து ஒரே விண்ணப்பம், ஒரே குலுக்கல். ‘மை ஸ்கூல் டி.சி.’ என்பது அதன் பெயர். நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். பள்ளிக்குப் பள்ளி அலைந்து படிவம் நிரப்பும் வேலை இல்லாமல் போனது. ஆனால் பொதுவாக இருப்பது குலுக்கல் மட்டும்தான். முடிவு வந்த பிறகு ஆவணம் காட்டுவது, உடல்நலப் படிவம் கொடுப்பது, இடத்தை உறுதி செய்வது எல்லாம் அந்தந்தப் பள்ளி அலுவலகத்தோடு தனித்தனியாகச் செய்யவேண்டியவை. எங்கள் இரு பிள்ளைகளையும் இந்த வழியில் சேர்த்தபோது குலுக்கலைவிட அதற்குப் பிந்தைய காகித வேலைதான் எங்களை வாட்டியது. கையில் கிடைத்த இடத்தை ஒரு காகிதம் குறைந்ததால் இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அப்படி நேராமல் இருக்கவே இந்தக் கட்டுரை.

1. உங்களுக்குக் குலுக்கல் தேவையா என்று முதலில் பாருங்கள்

கிண்டர்கார்டன் முதல் 12ஆம் வகுப்பு வரை, உங்கள் முகவரிக்குரிய மாநகராட்சிப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு இடம் உண்டு. அது உரிமை. விண்ணப்பம் வேண்டாம், குலுக்கல் வேண்டாம். ஆண்டின் எந்த மாதம் வந்தாலும் நேரே பள்ளிக்குப் போய்ச் சேர்க்கலாம். நடுவாண்டில் ஊரிலிருந்து வந்து இறங்கும் குடும்பங்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

குலுக்கல் தேவைப்படுவது இவர்களுக்கு: இந்தக் குலுக்கலில் உள்ள எந்தச் சார்ட்டர் பள்ளியானாலும் அதில் புதிதாகச் சேர விரும்புவோர், தங்கள் முகவரிக்குரிய எல்லைக்கு வெளியே உள்ள மாநகராட்சிப் பள்ளியை விரும்புவோர், தேர்வு முறையில் மாணவர்களை எடுக்கும் உயர்நிலைப் பள்ளிகளை விரும்புவோர். இவர்களோடு மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் அனைவரும். இந்தக் கடைசிப் பிரிவில்தான் பலர் தவறுகிறார்கள். வீட்டுக்கு எதிரிலேயே உங்கள் எல்லைப் பள்ளி இருந்தாலும், பி.கே.3, பி.கே.4 வகுப்புகளுக்குக் குலுக்கலில் விண்ணப்பித்தே ஆகவேண்டும். கெடுவுக்குள் விண்ணப்பித்த எல்லைவாசிகள் அனைவருக்கும் இடம் உறுதி என்று சில பள்ளிகள் மட்டும் தருகின்றன. உங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் உண்டா என்று கேளுங்கள். முழுநாள் வகுப்பு, கட்டணமே இல்லை. இந்நகரில் தனியார் காப்பகத்துக்கு மாதம் 2,000 டாலரைத் தொடும் செலவு என்பதால், பிள்ளைக்கு மூன்று வயது ஆகும் ஆண்டில் இந்த விண்ணப்பத்தைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

வயதுக் கணக்கு செப்டம்பர் 30. அன்றைக்குள் மூன்று முடிந்தால் பி.கே.3, நான்கு முடிந்தால் பி.கே.4, ஐந்து முடிந்தால் கிண்டர்கார்டன். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கிட்டத்தட்ட ப்ரீ கே.ஜி., எல்.கே.ஜி., யு.கே.ஜி. சென்னையில் யு.கே.ஜி. முடித்துவிட்டான், ஒன்றாம் வகுப்பில்தான் போடவேண்டும் என்று வயதை மீறிய வகுப்புக்கு விண்ணப்பிக்காதீர்கள். சேர்க்கும் நேரத்தில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்ததும் சிக்கலாகும்.

2. நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

விண்ணப்பம் திறப்பது டிசம்பர் நடுவில். 9 முதல் 12ஆம் வகுப்பு வரைக்கான கெடு பிப்ரவரித் தொடக்கத்தில். பி.கே.3 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கான கெடு மார்ச் தொடக்கத்தில். முடிவுகள் மார்ச் கடைசியையொட்டி வரும். கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடவேண்டிய கடைசி நாள் மே 1. சரியான தேதி ஆண்டுக்கு ஆண்டு ஓரிரு நாள் நகரும் என்பதால் டிசம்பரிலேயே இணையதளத்தில் பார்த்து நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.

மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, இளையவன் மூன்றாம் வகுப்பு என்று இருந்தால் உங்களுக்கு இரண்டு கெடுக்கள். மார்ச் வரை நேரம் இருக்கிறதே என்று இருவருக்கும் சேர்த்து ஒத்திப்போட்டால் மூத்தவளின் வாய்ப்பு போய்விடும்.

கெடுவுக்குள் எப்போது அனுப்பினாலும் ஒன்றுதான். திறந்த அன்றே நள்ளிரவில் விழித்திருந்து அனுப்பியவருக்கும் கடைசி வாரத்தில் அனுப்பியவருக்கும் குலுக்கலில் வேறுபாடு இல்லை. ஆகவே ஜனவரி மாதத்தைப் பள்ளிகளைப் போய்ப் பார்ப்பதற்குச் செலவிடுங்கள். டிசம்பரில் எட்ஃபெஸ்ட் என்ற கண்காட்சி நடக்கும். நகரப் பள்ளிகள் பலவும் ஒரே கூரையின்கீழ் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். புதிதாக வந்தவர்கள் ஒரே நாளில் பல பள்ளிக்காரர்களோடு பேச அதைவிட நல்ல இடம் இல்லை.

3. விண்ணப்பத்தை நிரப்புங்கள்

செலவு எதுவும் இல்லை. பெற்றோர் பெயரில் ஒரு கணக்கு. பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம். ஒரு விண்ணப்பத்தில் 12 பள்ளிகள் வரை. ஒரே பிள்ளைக்குத் தாய் ஒன்றும் தந்தை ஒன்றுமாக இரண்டு விண்ணப்பம் போடக்கூடாது. விசா விவரமோ சமூகப் பாதுகாப்பு எண்ணோ தேவையில்லை. அரசுப் பள்ளியில் படிக்கக் குடியேற்ற நிலை தடையாகக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982லேயே தீர்ப்பளித்திருக்கிறது. எச்-4 (எச்-1பி ஊழியர்களின் குடும்பத்தார்), ஜி-4 (பன்னாட்டு அமைப்பு ஊழியர்களும் குடும்பத்தாரும்) விசாவில் இருக்கும் பிள்ளைகள் தயங்கவேண்டியதே இல்லை.

நம்மவர்களுக்கென்றே ஒரு பொறி இந்தப் படிவத்தில் இருக்கிறது: பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒருவருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், விசாவில் ‘எஃப்.என்.யூ.’ (முன்பெயர் தெரியவில்லை) என்று முன்பெயர் இடத்தில் அச்சாகியிருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் ‘கார்த்திகேயன் எம்.’, சம்பளச் சீட்டில் ‘கார்த்திகேயன் முருகேசன்’, மின்கட்டண ரசீதில் மனைவி பெயர். பிள்ளையின் குடும்பப் பெயர் தந்தையின் முதல் பெயர், தாயின் குடும்பப் பெயர் தாத்தாவின் பெயர். பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இவர்கள் ஒரே குடும்பம் என்பது பெயரைப் பார்த்துப் புலப்படாது. எனவே விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் எழுதுங்கள். பின்னால் ஆவணம் காட்டப்போகும் பெற்றோர் யாரோ அவர் பெயரிலேயே கணக்கைத் தொடங்குங்கள். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கையோடு வைத்திருங்கள். உறவை நிறுவும் காகிதம் அதுதான்.

அடுத்து முன்னுரிமைகள். அண்ணனோ அக்காளோ அந்தப் பள்ளியில் படித்தால் தம்பி தங்கைக்கு முன்னுரிமை உண்டு. இருவரும் ஒரே ஆண்டில் விண்ணப்பித்து ஒருவருக்கு இடம் கிடைத்தாலும் மற்றவருக்கு அது உதவும். எல்லை முன்னுரிமை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு மட்டும். உணவு உதவி போன்ற அரசு உதவி பெறும் குடும்பங்களுக்கும் வீடில்லாத நிலையில் இருப்போருக்கும் சில பள்ளிகள் தனி முன்னுரிமை தருகின்றன. உரியவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த முன்னுரிமையைக் கோரினாலும் அது சேர்க்கையின்போது காகிதத்தில் நிரூபிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அதனால் கிடைத்த இடமும் போய்விடும்.

அனுப்பிய பிறகும் கெடு வரை மாற்றலாம். மாற்றியதும் மறுபடி சமர்ப்பித்து, உறுதி மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள்.

4. பள்ளிகளை வரிசைப்படுத்துங்கள், உள்ளது உள்ளபடி

பெற்றோர் தூக்கம் கெடுவது இங்கேதான், தவறான அறிவுரைகள் அதிகம் உலவுவதும் இங்கேதான். ‘அந்தப் பள்ளிக்கு ஏகப்பட்ட போட்டி, முதலில் போட்டு இடத்தை வீணாக்காதே’, ‘கிடைக்கக்கூடியதை முதலில் போடு’ என்று நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். கேட்காதீர்கள்.

கணினி செய்வது இது. ஒவ்வொரு பிள்ளைக்கும் குலுக்கல் முறையில் ஓர் எண் கிடைக்கிறது. முதலில் உங்கள் முதல் விருப்பப் பள்ளியில் உங்களுக்கு இடம் கேட்கிறது. அங்கே முன்னுரிமை உள்ளவர்கள் முன்னால், பிறகு எண் வரிசை. இடம் இருந்தால் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும். உங்களைவிட உரிமை கூடிய பிள்ளை அங்கே வந்தால் உங்களை நகர்த்திவிட்டு, உங்கள் இரண்டாவது விருப்பத்துக்குப் போய்க் கேட்கும். அங்கே கேட்கும்போது, நீங்கள் அந்தப் பள்ளியை இரண்டாவதாக எழுதினீர்களா ஏழாவதாக எழுதினீர்களா என்பது பார்க்கப்படாது. அந்தப் பள்ளியை முதலாவதாக எழுதிய, ஆனால் உங்களைவிடப் பின்னால் எண் வந்த பிள்ளைக்கு முன்னால்தான் நீங்கள் நிற்பீர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்டு முடியும்வரை எதுவும் இறுதியாவதில்லை. 2012இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆல்வின் ராத், லாய்ட் ஷாப்லி ஆகியோரின் ஆய்வு வழி வந்த முறை இது. எட்டாத பள்ளியை முதலில் எழுதுவதால் எட்டும் பள்ளியில் உங்கள் வாய்ப்பு இம்மியும் குறையாது என்பதுதான் இதன் பலனே.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே தரவரிசையைக் கட்-ஆஃப் மதிப்பெண் தீர்மானிக்கிறது. இங்கே முன்னுரிமையும் குலுக்கல் எண்ணும். வரிசையை மட்டும் மனத்தில் உள்ளபடி எழுதவேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

இன்னொரு விதியையும் மறக்கக்கூடாது. நான்காவதாக எழுதிய பள்ளியில் இடம் கிடைத்தால், மேலே உள்ள மூன்றிலும் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும். கீழே உள்ள ஐந்து முதல் பன்னிரண்டு வரை மறைந்துவிடும். ஆகவே அதிகம் விரும்பாத பள்ளியைப் ‘பாதுகாப்புக்காக’ மேலே வைத்தால், அதுவே கிடைத்து, விரும்பிய பள்ளியின் காத்திருப்போர் பட்டியலில்கூட நீங்கள் இருக்கமாட்டீர்கள். அனுப்ப மனமே இல்லாத பள்ளியைப் பட்டியலில் சேர்க்கவும் வேண்டாம். கிண்டர்கார்டன் முதல் உங்கள் எல்லைப் பள்ளி எப்படியும் உங்களுக்குரியது. அதற்கு ஒரு வரிசை எண்ணைச் செலவழிக்கத் தேவையில்லை.

மற்றபடி 12 இடத்தையும் பயன்படுத்துங்கள். இரண்டே பள்ளியை எழுதிவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று வருந்துவோர் உண்டு. எந்தப் பள்ளியில் எந்த வகுப்புக்குச் சென்ற ஆண்டு எத்தனை இடம் இருந்தது, எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்ற பழைய கணக்கை மை ஸ்கூல் டி.சி. வெளியிடுகிறது. வரிசையைக் குலைப்பதற்காக அல்ல, பட்டியலை நீட்டுவதற்காக அதைப் பாருங்கள்.

எந்த வகுப்பில் நுழைவு அதிகம் என்பதையும் கவனியுங்கள். மாநகராட்சி நடுநிலைப் பள்ளிகள் ஆறாம் வகுப்பில் தொடங்குகின்றன. ஆனால் வாஷிங்டன் லத்தீன், பேசிஸ் ஆகிய சார்ட்டர் பள்ளிகள் ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்குகின்றன. அதை விரும்புவோர் பிள்ளை நான்காம் வகுப்பில் இருக்கும்போதே விண்ணப்பிக்கவேண்டும். ஆறில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பெரிய வாசல் மூடியிருக்கும். இருமொழிப் பள்ளிகளிலும் அப்படித்தான். யூ யிங் பள்ளியில் சீனம், முண்டோ வெர்டேயில் ஸ்பானிய மொழி என்று சிறு வயதிலேயே சேர்ந்தவர்களுக்கு, டி.சி.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நடுநிலை-உயர்நிலைப் பள்ளிக்குத் தொடர்வழி இருக்கிறது.

கடைசியாகத் தொலைவு. அமெரிக்கப் படங்களில் பார்க்கும் மஞ்சள் பள்ளிப் பேருந்து இந்நகரில் சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டும்தான். மற்றவர்கள் நடந்தோ பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போகவேண்டும். ஐந்து வயது முதல் மாணவர்களுக்கு மெட்ரோவும் பஸ்ஸும் இலவசம்; கூடவே போய்வரும் உங்களுக்கு டிக்கெட் உண்டு. வரைபடத்தை நம்பாதீர்கள். ப்ரூக்லாண்டும் டென்லிடவுனும் ஒரே சிவப்புத் தடத்தில் உள்ள நிலையங்கள்தான், ஆனால் ரயில் நகர மையத்தைச் சுற்றிக்கொண்டு போகும். ஒரு வேலைநாளின் காலையில் பிள்ளையோடு அந்தப் பயணத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரிசையை எழுதுங்கள்.

5. உயர்நிலைப் பள்ளி என்றால்

ஸ்கூல் வித்தவுட் வால்ஸ், பென்ஜமின் பென்னக்கர், டியூக் எலிங்டன் கலைப்பள்ளி போன்றவை மதிப்பெண், நேர்காணல், கலைத்திறன் என்று ஏதேனும் ஒன்றைப் பார்த்தே மாணவர்களை எடுக்கும். இவற்றுக்கும் அதே விண்ணப்பம்தான், கூடுதலாகப் பள்ளி கேட்பதையும் பிப்ரவரிக் கெடுவுக்குள் கொடுக்கவேண்டும். ஊரில் படித்த பள்ளியிலிருந்து முத்திரையிட்ட ஆங்கில மதிப்பெண் பட்டியலை நவம்பரிலேயே வரவழையுங்கள். பொங்கல் விடுமுறையில் அந்தப் பள்ளி அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடிப்பது கடினம்.

6. வசிப்பிடச் சான்றை ஜனவரியிலேயே தயார் செய்யுங்கள்

முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். டி.சி.வாசி என்று நிரூபித்தால்தான் இலவசக் கல்வி. விதிகளை வகுப்பது ஓ.எஸ்.எஸ்.இ. எனப்படும் நகரக் கல்வித் துறை. காகிதத்தைச் சரிபார்ப்பது பள்ளி அலுவலகம். சார்ட்டரோ மாநகராட்சிப் பள்ளியோ, எல்லோருக்கும் ஒரே விதி.

சான்றுகள் இரு வகை. முதல் வகையில் ஒன்று இருந்தாலே போதும். அதில் பெரும்பாலோர் காட்டுவது சம்பளச் சீட்டு. அது கடந்த 45 நாட்களுக்குள் வந்ததாக இருக்கவேண்டும், இப்போதைய டி.சி. முகவரி இருக்கவேண்டும், வேறு மாநில வரி இல்லாமல் டி.சி. வருமான வரி பிடிக்கப்பட்டிருக்கவேண்டும். புதிதாக வந்தவர்களின் சீட்டு பெரும்பாலும் மூன்றாவதில் அடிபடும். அலுவலகம் வர்ஜீனியாவில் இருந்தாலோ, முதலில் அங்கே தங்கியிருந்து பிறகு நகருக்குள் மாறியிருந்தாலோ, சீட்டில் வர்ஜீனியா வரி தொடர்ந்து பிடிபட்டுக்கொண்டே இருக்கும். முகவரியை மாற்றினால் மட்டும் போதாது. டி-4 என்ற வரிப்பிடித்தப் படிவத்தைச் சம்பளப் பிரிவில் கொடுக்கவேண்டும். மாற்றம் சீட்டில் தெரிய ஒன்றிரண்டு சம்பளச் சுற்று ஆகும் என்பதால்தான் ஜனவரி என்கிறேன்.

ஜி-4 விசாவில் உலக வங்கியிலோ நிதியத்திலோ வேலை செய்பவர்களின் சம்பளத்தில் வருமான வரியே பிடிக்கப்படுவதில்லை. எனவே அவர்களின் சம்பளச் சீட்டு இங்கே செல்லாது. எவ்வளவு பெரிய நிறுவனத்தின் முத்திரை இருந்தாலும் செல்லாது. எங்களை முதலில் திருப்பி அனுப்பியதும் இந்த ஒரு காரணத்தால்தான். இவர்களும், வரி வரலாறு இல்லாத புதியவர்களும் இரண்டாம் வகைக்குப் போகவேண்டும்.

இரண்டாம் வகையில் இரண்டு காட்டவேண்டும். நான்கில் ஏதேனும் இரண்டு:

வாடகை ஒப்பந்தம், அதோடு வாடகை கட்டியதற்குத் தனிச் சான்று. ஒப்பந்தம் மட்டும் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். கடந்த இரண்டு மாதங்களுக்குள் கட்டிய ரசீதோ, பணமாக்கப்பட்ட காசோலையின் நகலோ வேண்டும்.

மின்சாரம், எரிவாயு, தண்ணீர் ஆகிய மூன்றில் ஒன்றின் கட்டண ரசீது, அதோடு அதைக் கட்டியதற்கான சான்று. இதற்கும் இரண்டு மாதக் கணக்குதான். கைபேசி, இணையக் கட்டண ரசீது செல்லாது.

டி.சி. ஓட்டுநர் உரிமம் அல்லது டி.சி. அடையாள அட்டை.

டி.சி. வாகனப் பதிவுச் சான்று.

கார் இல்லாத, கட்டணங்கள் வாடகையிலேயே அடங்கிய அடுக்குமாடி வாசிகளுக்கு மிஞ்சுவது ஒப்பந்தமும் அடையாள அட்டையும்தான். அந்த அட்டைக்குச் சில பத்து டாலர் செலவாகும், தபாலில் வர நாளாகும். வீடு எடுத்த முதல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்திடும்போது இது ஒரு நிமிட வேலை, பிறகு சேர்ப்பது பெரும்பாடு. எதுவுமே அமையாதவர்கள், வீட்டுக்கே வந்து பார்த்து உறுதி செய்யும் வழியும் இருக்கிறது என்று பள்ளியில் கேளுங்கள்.

வெளியூரில் இருந்துகொண்டே குலுக்கலில் கலந்துகொள்ளலாம். ஆனால் சேரும்போது நகரில் குடியிருந்தாகவேண்டும். ஜூலையில் விமானம் ஏறப்போகிறவர்கள் மே 1க்குள் இந்தக் காகிதங்களைக் காட்ட முடியாது. அவர்களுக்கான வழி ஒன்பதாம் படியில் இருக்கிறது. நகருக்குள் வசிக்கும் நண்பரின் முகவரியைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பொய்யான முகவரியில் படிக்கவைத்த பெற்றோர்மீது நகரத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் வழக்குத் தொடுத்துப் பணம் வசூலித்திருக்கிறது. விசாவில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

7. உடல்நலப் படிவங்கள்

மருத்துவர் நிரப்பும் உடல்நலச் சான்று ஒன்று, பல் மருத்துவர் நிரப்பும் படிவம் ஒன்று. இரண்டும் நகரின் அச்சிட்ட படிவங்களில்தான் வேண்டும். புதிய நோயாளிக்குக் குழந்தை மருத்துவர் நேரம் கொடுக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். முடிவு வரும்வரை காத்திராமல் பிப்ரவரியிலேயே நேரம் வாங்குங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி அட்டையில் பல இடறல்கள். நம் அரசு அட்டவணையில் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேர்ந்த ஊசி இருக்கிறது, பொன்னுக்குவீங்கி அதில் இல்லை. இங்கே மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். இரண்டு தவணை கேட்கிறார்கள். ஒன்பதாம் மாதத்தில் போட்டது கணக்கில் வராது; முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதே கணக்கு. சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ இரண்டும் அரசு அட்டவணையில் இல்லை, இங்கே கட்டாயம். ஹெபடைடிஸ் ஏ தவணைகளுக்கிடையே ஆறு மாதம் வேண்டும் என்பதால், முடிந்தவர்கள் முதல் தவணையை ஊரிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது தேதி. நம் மருத்துவமனைகள் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகின்றன. இங்கே மாதம் முதலில். ஜூலை 3ஆம் தேதி போட்ட ஊசி 03/07 என்று அட்டையில் இருந்தால் இங்குள்ள செவிலியர் அதை மார்ச் 7 என்று படிப்பார். பிள்ளைக்கு அப்போது ஒரு வயது நிரம்பவில்லை என்று கணக்காகி, போட்ட ஊசி போடாததாகிவிடும். ஊரில் உள்ள மருத்துவரிடம் எல்லாத் தவணைகளையும் மாதத்தின் பெயரை எழுத்தில் குறிப்பிட்டு, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, முத்திரை வைத்து வாங்குங்கள்.

காசநோய் பற்றிய கேள்வியும் படிவத்தில் உண்டு. இந்தியாவில் இருந்து வந்த பிள்ளைக்குச் சோதனை செய்யச் சொல்வது வழக்கம். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. காரணமாகத் தோல் சோதனை தடித்துக் காட்டலாம். பி.சி.ஜி. போட்டிருப்பதை முன்கூட்டியே சொல்லி, பிள்ளையின் வயதுக்கு இரத்தப் பரிசோதனை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

8. முடிவு வந்ததும்

இடம் கிடைத்திருந்தால் அன்றே பள்ளிக்கு எழுதி, என்னென்ன காகிதம், எந்த வழியில் என்று கேளுங்கள். சில பள்ளிகள் இணையத்தில் பதிவேற்றச் சொல்லும், சில நேரில் வரச் சொல்லும். ஏப்ரல் கடைசி வாரத்தில் அலுவலகங்களில் கூட்டம் நெரியும். மே 1க்குள் சேர்க்கை முடியாவிட்டால் இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். கொடுத்த ஒவ்வொன்றுக்கும் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள். வாய்மொழி உறுதி போதாது.

நான்காவது விருப்பம்தானே கிடைத்தது என்று சேராமல் இருந்துவிடாதீர்கள். கிடைத்ததில் சேர்ந்தாலும் மேலே உள்ள பள்ளிகளின் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் இடம் அப்படியே இருக்கும்.

சேர்க்கைப் படிவங்களோடு வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு தாள் வரும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஆங்கிலம் தெரியாதவர்கள் பக்கம் ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சி, ஆங்கிலம் என்றே எழுதுகிறார்கள் பலர். உண்மையை எழுதுங்கள். பள்ளி சிறு மதிப்பீடு ஒன்று நடத்தும். பிள்ளைக்கு உதவி தேவைப்படாவிட்டால் அதோடு முடிந்தது, தேவைப்பட்டால் கட்டணமின்றி ஆங்கில ஆசிரியரின் துணை கிடைக்கும். ஊரிலிருந்து நேரே வந்த பிள்ளைக்கு முதல் ஆண்டில் அந்தத் துணை எவ்வளவு பெரிது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

செலவுக் கணக்கையும் இப்போதே போடுங்கள். படிப்பு இலவசம். சீருடை கேட்கும் பள்ளிகள் பல. பள்ளி முடிந்த பிறகான பராமரிப்புக்கு மாதக் கட்டணம் தனி. அதற்கும் இடம் குறைவு, தனிப் பதிவு உண்டு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது எப்போது திறக்கிறது என்று சேர்க்கையன்றே கேட்டுவிடுங்கள்.

9. காத்திருப்போரும் தாமதமாக வருவோரும்

காத்திருப்பு எண் குறைந்துகொண்டே வரும் என்று எதிர்பார்ப்போம். சில நாள் அது ஏறவும் செய்யும். இடம் கிடைத்த வேறொரு பிள்ளையின் தம்பி தங்கை முன்னுரிமையோடு உள்ளே வருவதால் நேர்வது அது. அதிர வேண்டாம். மே தொடக்கத்தில் ஒரு பெரிய நகர்வு, பள்ளி திறக்கும் ஆகஸ்ட் கடைசியில் இன்னொன்று. அக்டோபர் 5 அன்று மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுத்து நிதி ஒதுக்குவதால் அதுவரை பள்ளிகள் காலியிடங்களை நிரப்பப் பார்க்கும்.

அழைப்பு வரும்போது பதிலுக்குக் கொடுக்கும் அவகாசம் மிகக் குறைவு. ஆகஸ்டில் ஊருக்குப் போயிருந்தால் அமெரிக்க எண் அணைந்திருக்கும், மின்னஞ்சல் பார்க்கமாட்டீர்கள், இடம் போய்விடும். புறப்படும் முன் கணக்கில் வாட்ஸ்அப் எண்ணை அல்ல, உண்மையிலேயே எடுக்கக்கூடிய தொலைபேசி எண்ணைப் போட்டு, ஆவணங்களின் நகலை மின்னஞ்சலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புதிய பள்ளியில் சேர்ந்த கணமே பழைய பள்ளியில் உள்ள இடம் போய்விடும், இரண்டிலும் இருக்க முடியாது. முடிவெடுத்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கெடுவுக்குப் பிறகு வருவோருக்குக் குலுக்கலுக்குப் பிந்தைய விண்ணப்பம் இருக்கிறது. இதில் குலுக்கல் இல்லை. ஏற்கெனவே காத்திருப்பவர்களுக்குப் பின்னால் நிற்கவேண்டும், இங்கே மட்டும் முன்னால் அனுப்பியவருக்கு முன்னால் இடம். ஆகவே நகரில் குடியேறியதும் தாமதிக்காதீர்கள். இடம் காலியாகவே உள்ள நல்ல பள்ளிகளும் இருக்கின்றன. நேரே தொலைபேசியில் கேட்டால் சொல்வார்கள். கிண்டர்கார்டனோ அதற்கு மேலோ என்றால் எல்லைப் பள்ளியில் முதலில் சேர்த்துவிட்டு, விரும்பிய பள்ளிக்குக் காத்திருங்கள்.

10. அடுத்த ஆண்டு

ஒருமுறை சேர்ந்த பிள்ளைக்கு அதே பள்ளியில் தொடர மறுபடி குலுக்கல் வேண்டாம். ஆனால் வசிப்பிடச் சான்று ஆண்டுதோறும் வேண்டும், மறுபதிவும் வேண்டும். முதல் ஆண்டு டி.சி. வருமான வரி தாக்கல் செய்தவர்களுக்கு, வரித்துறை வழியாகவே சரிபார்க்கச் சம்மதம் தந்துவிடும் வழி இருக்கிறதா என்று பள்ளியில் கேளுங்கள். காகிதச் சுமை குறையும். நகருக்குள்ளேயே வீடு மாறினால் பள்ளிக்கு உடனே தெரிவியுங்கள். எல்லை தாண்டி மேரிலாந்துக்கோ வர்ஜீனியாவுக்கோ மாறினால், ஆண்டின் நடுவில் என்றாலும், அன்றிலிருந்து வெளியூர்வாசிக்கான கட்டணம் உங்கள்மீது விழும்; வாடகை ஒப்பந்தம் முடியும் மாதத்தைப் பள்ளி ஆண்டோடு பொருந்தும்படி ஜூனுக்கோ ஜூலைக்கோ பேசி வைத்துக்கொள்ளுங்கள். இளைய பிள்ளைக்கு அடுத்த செப்டம்பர் 30க்குள் மூன்று வயது நிரம்புமானால், இந்த டிசம்பரிலேயே மூத்த பிள்ளையின் பள்ளியை முதலில் எழுதி விண்ணப்பியுங்கள்.